நன்றாகத் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள்

வாசகர் கேள்வி – மனநல மருத்துவர் பதில்

சென்ற இதழில் குடிப்பழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெரோயினைப் பற்றியவை. பலர் பெயர் போடவில்லை. பெயர் எனக்குத் தேவையும் இல்லை. ஊரும் உறவும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுப் பதில் எழுதுகிறேன். இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பவுடர் (ஹெரோயின்) பழக்கம். கடன் வாங்கி நான்கு மாதம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வைத்திருந்தோம். அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறான். உடம்பு தேறி, முகம் தெளிந்திருக்கிறான். இனி பயமில்லை என்று நினைக்கிறோம். அவனுக்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் இல்லை அம்மா. வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதையே கொடுங்கள். ஆனால் ‘இனி பயமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு உங்கள் கடிதத்தை வரிசையில் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹெரோயின் எடுப்பவர்களுக்கு உயிராபத்து மிக அதிகமாக இருப்பது, அதை விட்டுவிட்டு வீடு திரும்பும் முதல் சில வாரங்களில்தான். தினமும் எடுக்கும்போது உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. தொடக்கத்தில் ஒரு பொட்டலத்தில் கிடைத்த மயக்கத்துக்குப் பிறகு இரண்டு, மூன்று என்று தேவைப்படுகிறது. நிறுத்திய சில நாட்களிலேயே அந்தத் தாங்கும் சக்தி குறையத் தொடங்கிவிடும். நான்கு மாதம் கழித்து உங்கள் மகனின் உடல், ஹெரோயினை அறியாத ஒருவரின் உடலைப் போலத்தான் இருக்கும். ஆனால் அவன் மனத்துக்குப் பழைய அளவுதான் நினைவிருக்கிறது. ஒரு சண்டை, ஒரு பழைய நண்பன், சம்பளம் வந்த ஒரு சாயங்காலம் போதும். பழைய அளவையே எடுப்பான். அன்று சாதாரணமாக இருந்த அளவு, இன்று மூச்சை நிறுத்திவிடும்.

ஏன் மூச்சு என்று கேட்பீர்கள். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெரோயினை இருமல் மருந்தாகவே கடைகளுக்குக் கொண்டுவந்தது. அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபினை வேதியியல் முறையில் மாற்றினால் கிடைப்பது அது. மார்ஃபினை விட வேகமாக மூளைக்குள் நுழையும். இருமலைத் தூண்டும் பகுதியும், நம்மைக் கேட்காமலே மூச்சை இழுத்துவிடும் பகுதியும் மூளைத்தண்டில்தான் இருக்கின்றன. இருமலை அடக்கிய மருந்து, அளவு கூடினால் மூச்சையும் அடக்குகிறது. ஹெரோயினால் திடீரென இறப்பவர்களில் பெரும்பாலோர் மூச்சு மெல்லமெல்லக் குறைந்தே இறக்கிறார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சிறையிலிருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் அளவு மீறிய போதையால் இறக்கும் வாய்ப்பு, அங்கே வாழும் மற்றவர்களைவிட 129 மடங்கு. சிறையானாலும் மறுவாழ்வு இல்லமானாலும் பூட்டிய கட்டடத்திலிருந்து வெளியே வரும் உடலின் நிலை ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு ஒரு விடியற்காலையில் ஒரு அம்மா தன் மகனை ஆட்டோவில் கொண்டுவந்தார். இல்லத்திலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. இரவு பத்து மணிக்கு அவன் பெரிதாகக் குறட்டை விட்டானாம். “எத்தனை நாளாகத் தூங்காத பிள்ளை, இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறானே என்று மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து படுத்தேன்” என்றார். அது தூக்கத்தின் குறட்டை இல்லை. தொண்டை தளர்ந்து, நாக்கு பின்னால் விழுந்து, வந்துகொண்டிருந்த கொஞ்ச மூச்சும் தடைப்பட்டு எழுந்த சத்தம். அந்தப் பையன் பிழைக்கவில்லை. அந்த அம்மாவிடம் முன்கூட்டியே யாராவது இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும். அந்த இரண்டு நிமிடத்தை இப்போது உங்களிடம் பேசுகிறேன்.

அவன் வழக்கத்துக்கு மாறாக அயர்ந்து கிடந்தால் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். விரல் முட்டியால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேயுங்கள். அதற்கும் விழிக்கவில்லை என்றால் ஒரு கணமும் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். கையை அவன் மார்பில் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தாலோ, கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தாலோ ஆபத்து கழுத்து வரை வந்துவிட்டது. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தாலும் அது நுரையீரலுக்குள் போகாது. மூச்சு நின்றிருந்தால், செய்யத் தெரிந்தவர்கள் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். தெரியாவிட்டால் தொலைபேசியில் 108 ஊழியர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள்.

வருகிற ஊழியரிடம் ‘ஹெரோயின்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘மயக்கம் போட்டுவிட்டான்’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் சர்க்கரையைப் பார்ப்பார்கள், இதயத்தைப் பார்ப்பார்கள், நேரம் போய்விடும். இதற்கு நலாக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. மூளையில் ஹெரோயின் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நரம்பில் போட்ட சில நிமிடங்களில் ஆள் எழுந்து உட்கார்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் நலாக்சோனின் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் உடம்பில் ஹெரோயின் மிச்சமிருந்தால் மூச்சு மறுபடியும் தணியும். அதனால், எழுந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்கு அழைத்துப்போகக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். வீட்டிலுள்ள தூக்க மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். ஹெரோயினோடு தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் நிற்கும். அடுத்து, குளியலறைக் கதவுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்கும்படி மாற்றிவிடுங்கள். அவனுக்குத் தெரிந்தே செய்யுங்கள். “நான் உன்னை உளவு பார்க்கவில்லை, உயிரோடு வேண்டும் என்பதால் செய்கிறேன்” என்று சொல்லுங்கள். மறுபடி எடுத்துவிட்டால் திட்டுக்குப் பயந்து ஒளிந்துகொண்டு எடுக்கிற பிள்ளைதான், பக்கத்தில் யாரும் இல்லாமல் சாகிறான்.

கேள்வி: மகனை வெளியூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பழக்கம் போய்விடாதா?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: இடம் மாறுவதில் பலன் இருக்கிறது. வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்கள் 1971இல் ஊர் திரும்பியபோது அரசாங்கமே நடுங்கியது. அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அங்கே அடிமையாகியிருந்தவர்களில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினர்தாம் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானார்கள். சரக்கு கிடைத்த தெருவும், சேர்ந்து எடுத்த ஆட்களும், போரின் பயமும் அங்கேயே நின்றுவிட்டன.

ஆனால் அவர்கள் திரும்பியது சொந்த வீட்டுக்கு. உங்கள் மகனை அனுப்புவது, அவனைச் சுமையாக நினைக்கிற வீட்டுக்கா, அன்போடு வேலைக்கு அழைத்துப்போகிற சித்தப்பாவிடமா? இரண்டாவது என்றால் தாராளமாக அனுப்புங்கள். மேலே வியாசர்பாடி அம்மாவுக்கு எழுதியதை அந்தச் சித்தப்பாவுக்கும் படித்துக்காட்டுங்கள்.

கேள்வி: என் கணவர் ஊசி போடுவதில்லை. தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையைத்தான் இழுக்கிறார். “ஊசி போடுகிறவனுக்குத்தான் நோய் வரும், எனக்கு ஒன்றும் வராது” என்கிறார். உண்மையா?
– ஒரு மனைவி, யாழ்ப்பாணம்

பதில்: ஊசியால் பரவும் நோய்கள் அவருக்குக் குறைவு என்பது உண்மைதான். மற்றதெல்லாம் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல், தங்கச்சி. அடிமைத்தனம் புகைக்கும் ஒன்றுதான், ஊசிக்கும் ஒன்றுதான். புகை நுரையீரலிலிருந்து சில நொடிகளில் மூளையை எட்டிவிடும். மூச்சு நிற்கும் ஆபத்தும் அப்படியே இருக்கிறது, ஊசியைவிடச் சற்றுக் குறைவாக. நாளடைவில் நுரையீரல் கெடும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவராக இருந்தால் ஒரு இரவிலேயே அது மிகக் கடுமையாகிவிடலாம்.

அரிதான, ஆனால் கொடுமையான ஒன்று உண்டு. 1982இல் நெதர்லாந்து மருத்துவர்கள், ஹெரோயின் புகையை இழுத்தவர்களுக்கு மட்டும் வந்த ஒரு மூளை நோயைப் பதிவு செய்தார்கள். மூளையின் வெள்ளைப் பகுதி பஞ்சு போலத் துளைத்துளையாகிவிடுகிறது. முதலில் பேச்சு குழறும், நடை தள்ளாடும். பிறகு கை கால் விறைத்துவிடும். குடிக்காமலே குடித்தவர்போல் தள்ளாடினால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்ட மற்ற இரண்டுக்கும் பதில் ‘ஆம்’. நாள்கணக்கில் மலம் போகாமல் அவதிப்படுவது ஹெரோயினால்தான். குடலின் அசைவையே அது மந்தமாக்குகிறது. உங்களிடம் அவருக்கு நாட்டமில்லாமல் போனதும் அதனால்தான். உடலில் ஆண் ஹார்மோனின் அளவு குறைந்துவிடுகிறது. உங்கள் அழகிலோ அன்பிலோ எந்தக் குறையும் இல்லை. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். இலங்கையில் 1927 என்ற எண்ணில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையோடு பேசலாம். முதலில் நீங்களே பேசுங்கள். அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: அக்காள் மகனை ஒரு அறையில் போட்டுப் பூட்டி, கையைக் கட்டி, பத்து நாளில் பழக்கத்தை மறக்கடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையும் ஒரு போதைதானாமே?
– ஒரு தாய்மாமன், இராமநாதபுரம்

பதில்: கையைக் கட்டாதீர்கள். முதலில் அந்தப் பத்து நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக எடுத்த எட்டுப் பத்து மணி நேரத்தில் கொட்டாவி வந்துகொண்டே இருக்கும். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழியும். தோல் மயிர்க்கூச்செறியும். இரண்டாம் மூன்றாம் நாள் எலும்புக்குள்ளே வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி, தூக்கமே இல்லாமை; கால்கள் தாமாக உதைத்துக்கொள்ளும். பிறகு மெல்லத் தணிந்து ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். ஆரோக்கியமான இளைஞன் இதனால் சாவது அரிது. ஆனால் பூட்டிய அறையில் தண்ணீர் இல்லாமல் வயிற்றுப்போக்கோடு கிடந்தால் சாகலாம். அவனுக்குக் குடியும் சேர்ந்து இருந்தால், குடியைத் திடீரென நிறுத்துவது வலிப்பில் கொண்டுபோய் விடும். அது உயிரையே வாங்கும்.

அப்படியே பத்து நாள் தாண்டிவிட்டான் என்று வையுங்கள். பதினோராம் நாள் கதவைத் திறக்கிறீர்கள். தாங்கும் சக்தி குறைந்த உடலும், தவிக்கும் மனமும் வெளியே போகின்றன. வியாசர்பாடிக் கடிதத்துக்கு எழுதிய ஆபத்தை நீங்களே கையால் தயாரித்துக் கொடுத்ததாக ஆகும்.

மாத்திரையைப் பற்றிய பேச்சு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனென்றால் அந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் இறந்திருக்கிறார்கள். புப்ரினார்ஃபின் என்பது நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. அதுவும் அபின் வகையைச் சேர்ந்ததுதான், மறைக்கவில்லை. ஆனால் மூளையில் பாதி அளவுக்குத்தான் வேலை செய்யும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் மூச்சை அடக்குவது அதே வேகத்தில் கூடாது. ஒரு மாத்திரையில் ஒரு நாள் முழுவதும் தவிப்பு அடங்கியிருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பொட்டலம் தேடி ஓடியவன், காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். உலகச் சுகாதார நிறுவனம் இதையும், இதே வேலைக்குக் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்தையும் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவற்றை ஒழுங்காக எடுப்பவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைகிறது. இந்தத் துறையில் இவ்வளவு உறுதியாக நான் சொல்லக்கூடியவை மிகக் குறைவு.

ஒரு எச்சரிக்கை மட்டும். முதல் மாத்திரையை எப்போது கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஹெரோயின் உடம்பில் நிறைந்திருக்கும்போது கொடுத்துவிட்டால், மூன்று நாளில் வர வேண்டிய வேதனை முழுவதும் அரை மணியில் வந்து இறங்கும். யாரோ கொடுத்த மாத்திரையை வீட்டில் வைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணில் கேட்டால் பக்கத்தில் எந்த மையம் என்று சொல்வார்கள்.

கேள்வி: நான்கு நண்பர்கள் சேர்ந்து வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்வோம். ஹெரோயின் அளவுக்குக் கெடுதல் இல்லை என்றார்கள். இப்போது ஒருவனுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா?
– வயது 21, சென்னை

பதில்: பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். போதைப் பொருள் தடுப்புச் சட்டம் (1985) 64ஏ பிரிவைத் தெரிந்துகொள் தம்பி. சொந்த உபயோகம், சிறிய அளவு என்ற குற்றச்சாட்டு மட்டும் உள்ளவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. உன் மருத்துவர் உன் எதிரி இல்லை. நாளைக் காலையே போ.

டேப்பண்டடால் போன்ற வலி மாத்திரைகளும் ஹெரோயின் வேலை செய்யும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. அதைவிட, விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் டால்க் போன்ற கரையாத தூள் கலந்திருக்கிறது. நரம்பில் ஏற்றினால் அது நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஊசி குத்திய இடம் சீழ் கட்டும். தோலில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு இதயத்துக்குள் போய் வால்வில் கூடு கட்டினால், வாரக்கணக்கில் குளிர்க்காய்ச்சல் வரும். 21 வயதில் இதய அறுவைச் சிகிச்சை மேசையில் படுக்க வேண்டி வரும். அப்படிப் படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

நண்பனின் காமாலை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அல்லது சி ஆக இருக்கலாம். ஒரே ஊசி நான்கு பேர் கைக்கு மாறியிருந்தால் நால்வருக்கும் பரிசோதனை வேண்டும். ஊசி மட்டுமில்லை, ஒரே கிண்ணத்துத் தண்ணீர், ஒரே பஞ்சு போதும், சி கிருமி தாவிவிடும். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். ஹெபடைட்டிஸ் சி வந்திருந்தால் மனமுடைந்து போகாதே. முன்பு மாதக்கணக்கில் ஊசி போட்டும் பாதிப் பேருக்குக் குணமாகாத நோய் இது. இப்போது பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை. நூற்றுக்கு 95 பேர் அளவில் முழுமையாகக் குணமாகிறார்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. பரிசோதனையில் இல்லை என்று வந்தால் அன்றே போட்டுக்கொள். இன்றிரவே நிறுத்த முடியவில்லை என்றாலும், இன்றிரவே அடுத்தவர் ஊசியைத் தொடாமல் இருக்க உன்னால் முடியும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில் புது ஊசியும் புப்ரினார்ஃபினும் காசில்லாமல் தருகிறார்கள்.

இந்தியாவில் ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்கள் ஏறத்தாழ எட்டரை லட்சம் பேர் என்று 2019இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. நீ எழுதியதுபோல ஒரு கடிதம் எழுதுகிறவர்கள் அவர்களில் மிகக் குறைவு. எழுதிய கையோடு புறப்படு.

கேள்வி: ஹெரோயினை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தினமும் புப்ரினார்ஃபின் மாத்திரை. வேலைக்குப் போகிறேன். தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அதற்குள் மாத்திரையை நிறுத்திவிடு, பெண் வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் அண்ணி.
– ஒரு இளைஞர், திருநெல்வேலி

பதில்: கல்யாணத்துக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்துவது என்றால் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக, வாழ்க்கை அமைதியாக ஓடும் காலத்தில், மருத்துவரோடு பேசிக் குறைக்க வேண்டும். கல்யாண வீட்டு அலைச்சலும் தூக்கமின்மையும் பழைய நண்பர்கள் கூடும் இரவும் அதற்கு ஏற்ற காலமில்லை.

பெண்ணிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், தாலி கட்டும் முன்பு. அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வது உங்கள் இருவருக்கும் அநியாயம். வார்த்தை வரவில்லை என்றால் இருவரும் சேர்ந்து உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போங்கள். அவர் எடுத்துச் சொல்வார். மூச்சு, குறட்டை, 108 பற்றி மேலே எழுதியிருப்பதையும் அந்தப் பெண் தெரிந்துகொள்ளட்டும். ஒரு காலத்தில் ஊசி போட்டிருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைக்குள் அதற்கு நேரம் இருக்கிறது.